அறுபத்தாறில் இரண்டு

பாதிரியார் என்ன சொன்னாலும் சரி, பொறாமைக்காரர்கள் மட்டும் இல்லாவிட்டால் என் கடையை எப்போதோ மூடியிருப்பேன். எதிர்வீட்டு ஜன்னலில் புதுத் திரை தொங்கினால் இந்த வீட்டிலும் மறுவாரம் தொங்கியாக வேண்டும். ஒருத்தன் தன் மனைவியின் கல்லறையில் நான்கு மெழுகுவர்த்தி ஏற்றினால் பக்கத்துக் கல்லறைக்காரன் என்னிடம் வந்து ஆறு கேட்பான். ரொட்டி, பால், பன்றித் தொடைக்கறி, மெழுகுவர்த்தி, ஆணி, இடுக்கி எல்லாம் என்னிடம் உண்டு. நான்கு வருடமாக ஆன்லைன் பார்சல்களும் என் கடை வழியாகத்தான் வந்து போகின்றன. இந்தச் சுரங்க ஊர் பித்தோமில் எங்கள் தெருவில் யார் என்ன வாங்குகிறார்கள், யார் எதை விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததை வாயில் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

கெரார்ட் இருபத்தைந்து வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்கியவன். சும்மா உட்காரப் பிடிக்காமல் நார்வேக்கு மலை குடைகிற வேலைக்குப் போனான். எட்டு வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. அங்கே சம்பாதிப்பதில் பாதி பழைய காசுகளாகத்தான் வீட்டுக்கு வந்து சேரும். சும்மா காசு இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று சோதித்து, எழுபதுக்கு இத்தனை மார்க் என்று சீட்டு எழுதி, அதில் ஒரு நம்பரும் போட்டு, காசையும் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி அனுப்புமே, அந்தக் காசு. பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் மார்க் போய்விடும்.

அவன் மனைவி கிஸெலாதான் உண்மையில் அந்த வியாபாரத்தை நடத்தினாள். அவன் நார்வேயிலிருந்து ஃபோனில் ஏலம் கேட்பான். இவள் வந்ததைப் பிரித்துப் பார்ப்பாள், விற்பதைப் படம் எடுப்பாள், பெட்டி ஆடாமல் இருக்கக் குமிழித் தாளில் இரண்டு சுற்று சுற்றுவாள், வாங்குகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுவாள். படம் எடுப்பதில் அவளுக்குக் கைராசி. அடுப்படி மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, விளக்கைச் சாய்த்து வைத்து, ஒரு காசுக்கு நாற்பது படம் எடுத்து அதில் ஒன்றைப் பொறுக்குவாள். அவள் படம் எடுத்துப் போட்டால் அதே காசு மற்றவர்கள் விற்பதைவிட அதிகத்துக்குப் போகும். கெரார்ட் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வான்.

ஒரே ஒரு காசை மட்டும் அவள் தொடக் கூடாது. ஐம்பத்தேழாம் வருடத்து ஒரு ஸ்லோட்டி, எங்கள் நாட்டுக் காசு. அலுமினியம்தான். நாங்கள் சின்ன வயதில் மிட்டாய்க்குக் கொடுத்த அதே காசுதான். ஆனால் அந்த வருடத்துக் காசு எல்லாம் கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிட்டன. அடித்த மேனிக்கு மினுங்குகிற காசு அபூர்வம். கெரார்டின் காசுக்கு அறுபத்தாறு மார்க். எந்தக் காசுக்கு எந்த மார்க் எத்தனை கொடுத்திருக்கிறோம் என்று அந்தக் கம்பெனி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் ஃபோனில் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் அறுபத்தாறுக்கு நேரே ‘ஒன்று’, அதற்கு மேலே எல்லாம் ‘பூஜ்யம்’. உலகத்திலேயே ஒன்று, அது கெரார்டின் அலமாரியில்.

அறுபத்தைந்துக்கு நேரேயும் ஒன்றுதான். அது ஹூபெர்ட்டுடையது. ஹூபெர்ட் கிஸெலாவின் தம்பி, டிராம் ஓட்டுகிறவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காசு சேர்க்கும் பைத்தியத்தை மச்சானுக்குப் பிடிக்க வைத்ததே அவன்தான். கற்றுக் கொடுத்தவன் இரண்டாவது இடத்தில், கற்றுக்கொண்டவன் முதலிடத்தில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கெரார்ட் அந்தப் பெட்டியை மேசைக்குக் கொண்டுவந்து ஹூபெர்ட்டின் தட்டுக்கு எட்டாத தூரத்தில் வைப்பான். “பாரு மாப்ள, தொட்டுடாத” என்பான். ஹூபெர்ட் சிரித்துக்கொண்டே பார்ப்பான். அந்தச் சிரிப்பு அவன் வயிற்றுக்குள் போய் எப்படிக் காந்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு தங்கச்சியோடு வளர்ந்தவள்தானே.

இந்த வருடம் மே மாதம் கெரார்ட் ஊருக்கு வந்த இரண்டாம் நாள், ரொட்டி வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தான். ரொட்டியை எடுத்து வைத்தும் போகவில்லை. ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இதப் பாருங்க ஓட்டிலியாக்கா. என்ன போட்டிருக்கு?”

“கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியும்? நீயே படி.”

“ரெண்டு! அறுபத்தாறுக்கு நேர ரெண்டுன்னு போட்டிருக்கு. போன வருஷம் கிறிஸ்துமஸ்ல ஒண்ணுதான் இருந்துச்சு.”

“சரி, இன்னொருத்தருக்கும் கெடச்சிருக்கு. கெடச்சிட்டுப் போகட்டும்.”

“கெடச்சிட்டுப் போகட்டுமா? நீங்க இந்தத் தெருவுல இன்னொரு கடைக்காரி கெடச்சா விடுவீங்களா?”

அது சரிதான். நான் அவனுக்குப் பன்றித் தொடைக்கறி சீவ ஆரம்பித்தேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். ஏப்ரல் மாசம் ஹூபெர்ட்டுக்கு அந்தக் கம்பெனி பார்சல் ஏதாச்சும் வந்துச்சா? சின்னதா, தடிமனா இருக்கும். சுத்தி மஞ்ச டேப் போட்டிருப்பாங்க.”

“வந்துச்சே. ஈஸ்டர் முடிஞ்ச வாரம். கையெழுத்துப் போட்டதும் அதக் கோட்டுக்குள்ள வச்சு இறுக்கி மூடிக்கிட்டான். குளிருதாடான்னு கூடக் கேட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். சுரங்கத்தில் விபத்து என்று சைரன் ஊதினால் எங்கள் பெண்கள் முகம் ஒரு மாதிரி போகும். அப்படிப் போயிருந்தது அவனுக்கு. என் நாக்கில் சனி. கறியை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. வலைச் சந்தையில் விளம்பரம் போட்டான்: ‘ஐம்பத்தேழு, ஒரு ஸ்லோட்டி, அறுபத்தாறு மார்க் பெட்டி வேண்டும். விலையை நீங்களே சொல்லுங்கள்.’ அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று வைத்திருந்த நான்கைந்து பேர் எழுதினார்கள். லுப்ளினிலிருந்து ஒருத்தன் என் காசும் பளபளக்கிறது, பல்பொடி போட்டுத் தேய்த்தேன் என்று படம் அனுப்பினான். அறுபத்தாறு மட்டும் வரவில்லை. வராதது கெரார்டுக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது.

“அவன்கிட்டதான் இருக்கு. அதனாலதான் வெளிய வரல” என்றான் என்னிடம். “நான் கெஞ்சணும்னு காத்துட்டு இருக்கான்.”

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் என் கடையிலேயே நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். ஹூபெர்ட் டிராம் உடுப்போடு தயிர் வாங்க வந்திருந்தான். பின்னால் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

“மாப்ள, எவ்வளவு வேணும்? வாயத் தொறந்து சொல்லு.”

“எதுக்கு மச்சான்?”

“எதுக்கா? நடிக்காத. மஞ்ச டேப் பார்சலுக்கு.”

ஹூபெர்ட் என்னைப் பார்த்தான். நான் தயிர் டப்பாவின் தேதியைப் பார்த்தேன்.

“அது வேற மச்சான்.”

“வேறன்னா எத? காட்டு. உன் வீடு இங்கருந்து ரெண்டு நிமிஷம். வா, போய்ப் பாக்கலாம்.”

“இப்ப டூட்டிக்குப் போகணும்.”

“டூட்டியாம் டூட்டி! முப்பது வருஷமா எனக்குப் பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டிருந்த. இப்ப சமமா வந்து நின்னுட்ட. சந்தோஷம்தானே? வயிறு குளுந்துச்சா?”

“மச்சான், சத்தியமா என்கிட்ட அறுபத்தாறு கெடையாது.”

“சத்தியம் வேற பண்றான் பாருங்க! உங்க அம்மா செத்தன்னிக்குக் கூட நீ இவ்வளவு வெளுத்துப் போகல.”

ஹூபெர்ட் தயிரை வைத்துவிட்டு வெளியே போனான். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி, என்ன காசு, தங்கமா என்று கேட்டாள். அலுமினியம் என்றேன். அவள் நம்பவில்லை.

அதற்குப் பிறகு கெரார்ட் நார்வே போகவேண்டிய நாள் வந்தது. முதுகுவலி என்று சொல்லி இருந்துவிட்டான். பணம் திரட்டினால் ஹூபெர்ட்டை மசிய வைக்கலாம், எந்த மனுஷனுக்கும் ஒரு விலை உண்டு என்பது அவன் எண்ணம். சேர்த்து வைத்திருந்த காசுகளை ஒவ்வொன்றாக ஏலத்துக்கு விட்டான். முப்பத்தொரு பெட்டி. படம் எடுப்பது கிஸெலா, சுற்றுவது கிஸெலா, என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவது கிஸெலா. ஜூன் மாத வெயிலில் சிவந்த முகத்தோடு வந்து பார்சல்களை அடுக்குவாள். முன்பெல்லாம் எந்தக் காசு எந்த ஊருக்குப் போகிறது என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அந்த மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொன்றாவது பார்சலை வைத்துவிட்டு, கடை அடைத்ததும் தோட்டத்துக்கு வரமுடியுமா என்று கேட்டாள்.

தோட்டம் என்றால் ரயில் பாதைக்குப் பின்னால் சுரங்கக்காரர்களுக்குக் கொடுத்த துண்டு நிலங்களில் ஒன்று. கெரார்டின் பெயரில் இருந்தாலும் அதில் அவன் கால் வைத்ததே குறைவு. எல்லாம் கிஸெலாவின் கை. நெல்லிக்காய்ப் புதர், ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு, இரண்டு வரிசை ஸ்ட்ராபெரி, அவளுடைய அப்பா பழைய சுரங்கப் பலகைகளை வைத்து அடித்த சின்னக் குடிசை. புருஷன் எட்டு வாரம் இல்லாத வீட்டில் பைத்தியம் பிடிக்காமல் அவளைக் காப்பாற்றியது அந்தத் தோட்டம்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதன்மேல் ஒரு கண் உண்டு. என் துண்டு நிலத்தில் கீரை கூட ஒழுங்காக வராது.

ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டே சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை.

“திங்கக்கிழமை இதை விக்கிறான் அக்கா. யாரோ சின்னப் புருஷன் பொண்டாட்டி. வந்து பாத்தாங்க. அந்தப் பொண்ணு குடிசையப் பாத்து இடிச்சிடலாம்னு சொல்லிச்சு.”

“அடப்பாவி! எதுக்குடி?”

“ஹூபெர்ட்டோட அறுபத்தாற வாங்க.”

“அவன் குடுக்கறேன்னு சொன்னானா?”

“அவன்கிட்ட இல்லவே இல்ல அக்கா. யார்கிட்டயும் இல்ல.” கூடையைக் கீழே வைத்தாள். “மார்ச் கடைசியில திடீர்னு பனி கொட்டிச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ஜன்னல் வெளிச்சம் பால் மாதிரி இருந்துச்சு. அலுமினியத்தப் படம் எடுக்க அந்த மாதிரி வெளிச்சம் வருஷத்துல ஒரு நாள்தான் வரும். கெரார்டுக்கு ஐம்பது வயசு ஆகப்போகுது. அவன் காசோட படம் நெட்டுல இருக்கே, நாறுது, அவனே எடுத்தது. பொறந்த நாளுக்கு நல்லதா ஒண்ணு எடுத்து வைப்போம்னு அலமாரியத் தொறந்தேன். ஜன்னல் திண்டுல வச்சேன். வழுக்கி ஹீட்டர் இரும்பு மேல விழுந்துச்சு. பெட்டி வாயப் பொளந்துருச்சு. காசு உருண்டு கம்பளத்துக்குப் போயிடுச்சு.”

“கடவுளே!”

“எனக்கு உசுரே இல்ல. ஹூபெர்ட்டக் கூப்பிட்டேன். அவன்தான் எடுத்து உறையில போட்டான். அவன் பேர்லயே கம்பெனிக்கு மறுபடி அனுப்பினான். கெரார்ட் வர்றதுக்குள்ள வந்துருச்சு. அதே அறுபத்தாறு! நான் தேவாலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏத்தினேன், உங்க கடையிலதான் வாங்கினேன். பழைய இடத்துலயே வச்சிட்டேன். அவனுக்கு வித்தியாசமே தெரியல.”

“சீட்டுல நம்பர் மாறியிருக்குமே?”

“அவன் காசோட மூஞ்சியத்தான் பாப்பான். நம்பர யாரு பாக்கறா?”

“அப்ப அந்த ரெண்டாவது?”

“பழைய சீட்ட உடனே திருப்பி அனுப்பு, இல்லேன்னா அவங்க ரெண்டு காசுன்னு எண்ணிடுவாங்கன்னு ஹூபெர்ட் சொன்னான். போன காசு வழியில தொலஞ்சிட்டா என் கையில ஒண்ணும் இருக்காதேன்னு பயந்து சீட்ட எடுத்து வச்சிட்டேன். அனுப்பிட்டேன்னு அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.”

மனுஷன் ஒரு மாதமாகத் தன்னுடைய காசைப் பார்த்தே வயிறெரிந்து செத்துக்கொண்டிருக்கிறான்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி.”

“அத ஹூபெர்ட் கையில குடுத்தேன்னு எப்படிச் சொல்றது? பெட்டி உடைஞ்சதக் கூட மன்னிப்பான். அத மன்னிக்க மாட்டான்.” ஸ்ட்ராபெரிக் கறை படிந்த விரலால் கண்ணைத் துடைத்தாள். “நாளைக்குச் சாப்பாட்டுக்கு ஹூபெர்ட்டக் கூப்பிட்டிருக்கேன். நீங்களும் வாங்க அக்கா. வெளி ஆள் இருந்தா அவன் கொஞ்சம் அடங்குவான்.”

ஞாயிறு பூசை முடிந்து ஒரு மணிக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் ஒரே வாசனைதான். சுருட்டிய மாட்டுக்கறி, ஊதா முட்டைக்கோஸ், நடுவில் கட்டைவிரலால் குழி அழுத்திய உருளைக்கிழங்கு உருண்டை. அந்தக் குழியில் குழம்பு நிற்க வேண்டும். கிஸெலா அன்று குழி போட மறந்திருந்தாள். உருண்டைகள் பந்து மாதிரி இருந்தன.

ஹூபெர்ட் வாசலில் நின்றதும் கெரார்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

“இவன யாரு கூப்பிட்டா?”

“நான்தான்” என்றாள் கிஸெலா. “என் தம்பி. என் சாப்பாடு. உக்காரு.”

கிஸெலா சூப் ஊற்றினாள். கெரார்டால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டாவது குட்டி எப்படி இருக்கு மாப்ள? நல்லாத் தூங்குதா? ராத்திரி எடுத்து முத்தம் குடுக்கறியா?”

“அக்கா, நீ சொல்றியா நான் சொல்லட்டுமா?” என்றான் ஹூபெர்ட்.

கிஸெலா எழுந்துபோய்ச் சமையல் குறிப்பு நோட்டைக் கொண்டுவந்தாள். பிளம் கேக் பக்கத்தில் செருகியிருந்த சின்னச் சீட்டை எடுத்துக் கணவனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன இது?”

“உன் சீட்டு.”

“என் சீட்டு என் பெட்டிக்குள்ள இருக்கு.”

“போய் எடுத்துட்டு வந்து பாரு. நம்பரப் பாரு.”

எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உதடு அசைய எண்களைப் படித்தான். மறுபடியும் படித்தான். கிஸெலா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பனி, ஜன்னல், ஹீட்டர், கம்பளம், மஞ்சள் டேப். பாதியில் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கடைசியில், “அவங்க உன்னோடதையேதான் ரெண்டு தடவ எண்ணியிருக்காங்க கெரார்ட். வேற யார்கிட்டயும் இல்ல. நீ வாங்கறதுக்கு உலகத்துல ஒண்ணும் இல்ல. என் தோட்டத்த விட்டுடு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோஸ் மூக்கில் ஏறி இருமினேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

கெரார்டின் முகத்தில் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. அப்பாடா, இன்னும் நான் ஒருத்தன்தான் என்கிற வெளிச்சம். நானே பார்த்தேன். எல்லாம் தீர்ந்தது என்று உருண்டையில் முள்கரண்டியைக் குத்தினேன். அப்போது அவன் பார்வை ஹூபெர்ட்டின் வலது கைக்குப் போனது. அங்கேயே நின்றது.

“நீ தொட்டியா?”

“மச்சான்…”

“வெறுங்கையால தொட்டியா?”

“விளிம்பத்தான் மச்சான். ரெண்டு விரலால. கம்பளத்துலருந்து எடுக்கணும்ல?”

கெரார்ட் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் கேட்டான். அந்தக் குரலை நான் அவனிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

“எப்படி இருந்துச்சு?”

“என்னது?”

“தொட்டப்ப. எப்படி இருந்துச்சுன்னு கேக்கறேன். நான் தொட்டதே இல்லடா. என்கிட்ட வரும்போதே பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. ஆறு வருஷமா என் காசு. ஒரு நாள் கூடத் தொட்டதில்ல.”

ஹூபெர்ட் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லியிருக்கலாம், ஒன்றுமே தெரியவில்லை, பயத்தில் இருந்தேன் என்று. ஆனால் முப்பது வருடம் இரண்டாவதாக இருந்தவன். அவனுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

“நல்லா இருந்துச்சு மச்சான்” என்றான். “ரொம்ப நல்லா இருந்துச்சு.”

கெரார்ட் எழுந்தான். கூடத்தில் கருவிப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. இடுக்கியோடு திரும்பி வந்தான். கிஸெலா, “கெரார்ட், வேணாம், சொன்னாக் கேளு, மார்க் போயிடும்!” என்று கையைப் பிடித்தாள். தோட்டத்தை விற்காதே என்று கூட அவ்வளவு சத்தம் போடவில்லை. பெட்டியின் மூலையை இடுக்கியில் கவ்வி அழுத்தினான். பிளாஸ்டிக் தெறித்து ஒரு துண்டு சூப் கிண்ணத்தில் விழுந்தது. இன்னொரு மூலை. பெட்டி விரிந்தது. காசைக் குழம்புக் கையாலேயே எடுத்தான். விளிம்பில் இல்லை, நடுவில். கட்டைவிரலைக் காசில் பொறித்த கழுகின் மேல் நன்றாக அழுத்தித் தேய்த்தான். உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தான்.

“மத்த காசு மாதிரியேதான் இருக்கு” என்றான்.

பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன கறியைச் சாப்பிட ஆரம்பித்தான். சாப்பிட்டுக்கொண்டே தோட்டம் வாங்க இருந்தவர்களுக்கு ஃபோன் போட்டான். “இல்லீங்க, பொண்டாட்டி விடமாட்டேங்கறா, நான் என்ன பண்றது” என்றான். கிஸெலா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஹூபெர்ட் மட்டும் அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்மேல் மாட்டுக்கறிக் குழம்பில் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கிஸெலா ஒரு தடித்த உறையோடு கடைக்கு வந்தாள். அமெரிக்க விலாசம். தடவிப் பார்த்தேன், உள்ளே சின்னதாக இரண்டு அட்டை.

“ரெண்டு சீட்டையுமா அனுப்பற?”

“ஆமா.”

“அனுப்பினா பட்டியல்ல அறுபத்தாறே இருக்காதேடி. அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“உனக்குத் தெரியும்ல, அதுக்கப்புறம் யாரு முதல்ல வருவான்னு?”

அவள் சில்லறையை எண்ணி வைத்தாள். “முப்பத்தொரு பெட்டிய நான் சுத்தினேன் அக்கா. ஒரு தடவயாவது என் தம்பி முதல்ல வரட்டும்” என்றாள்.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. தபால்தலையை இரண்டு முறை நாக்கில் தடவி ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஹூபெர்ட் கசகசா கேக் ஒரு தட்டோடு கடைக்கு ஓடி வந்தான். அவன் வயசுக்கு அப்படி ஓடக் கூடாது. “ஓட்டிலியாக்கா, பாருங்க, பாருங்க” என்று ஃபோனை ஆட்டினான். “அறுபத்தாறு பூஜ்யம். அறுபத்தஞ்சு ஒண்ணு. எனக்கு மேல யாருமே இல்ல!”

அந்த நேரம் பார்த்துக் கெரார்ட் உள்ளே வந்தான். மறுநாள் நார்வே போகிறவன், சிகரெட் வாங்க. ஹூபெர்ட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஃபோனை மறைக்கவும் தெரியவில்லை. கெரார்ட் அதை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். காதுமடல் சிவந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் கறி சீவுகிற கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நல்லது மாப்ள” என்றான் கடைசியில். “எல்லாத்துக்கும் மேல நீதான்.”

“உங்களுக்கு வருத்தம் இல்லையே மச்சான்?”

கெரார்ட் கால்சட்டைப் பையில் கைவிட்டான். சாவிக்கொத்தோடு அந்தக் காசும் வந்தது. அதற்குள் இரண்டு கீறல். அதைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

“உன்னோடத நீ தொட்டிருக்கியா?”

ஹூபெர்ட் சிரிப்பை நிறுத்தினான்.

“நல்லா இருக்கும்” என்றான் கெரார்ட். “ரொம்ப நல்லா இருக்கும்.” சிகரெட்டை எடுத்துக்கொண்டு, காசைச் சுண்டிப் பிடித்தபடி வெளியே போனான்.

ஹூபெர்ட் கேக்கை அப்படியே வைத்துவிட்டு நின்றான். சனிக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தான். தூங்காத கண். தயிர் எடுத்தான், திருப்பி வைத்தான். அப்புறம், இடுக்கி இருக்கிறதா என்று கேட்டான்.

தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். என் தலைக்குப் பின்னால், ஆணியில் மூன்று தொங்கிக்கொண்டிருந்தன.